கிடாரத்துக்குப் போர்வை: மூன்று வகை இன்சுலேஷனும் போட்டுப் பார்த்தவன் எழுதுகிறேன்

எங்கள் வீட்டில் ஹொட் டப்புக்குப் பெயர் கிடாரம். மனைவி வைத்த பெயர். 2021 இல், கனடாவில் ரொறன்ரோவுக்குப் பக்கத்துப் பிக்கரிங்கில் வீட்டை விற்றுக்கொண்டு போன ஒரு வயதான வெள்ளைக்காரரிடம் 1,500 டொலருக்கு வாங்கி, ஏஜக்ஸில் எங்கள் பின்வளவில் கொண்டுவந்து இறக்கினேன். 2009 ஆம் ஆண்டுத் தொட்டி, ஆறு பேர் இருக்கலாம், 1,500 லீற்றர் தண்ணீர் பிடிக்கும். "கோயில் அன்னதானக் கிடாரத்தைவிடப் பெருசாக் கிடக்கு, இதுக்குள்ள ஆரை அவிக்கப் போறியள்?" என்று கேட்டவள், முதல் மார்கழியில் இறங்கியிருந்துவிட்டு ஒரு மணித்தியாலம் ஏறவில்லை. எனக்கு இருபது வருசம் வெயர்ஹவுசில் பெட்டி தூக்கின முதுகு. 40 பாகைத் தண்ணீரில் இருபது நிமிசம் இருந்தால் அன்றைக்கு நித்திரை வரும். ஆகவே அது ஒழுகத் தொடங்கியபோது எறிய மனம் வரவில்லை.

ஒழுக்கு அடைத்தபிறகு, சூடு போகாமல் தொட்டியைச் சுற்றி நிரப்பியிருந்து நான் தோண்டி எறிந்த ஃபோமுக்குப் பதிலாக என்ன போடுவது என்பதுதான் நான் எழுத வந்த விஷயம். கேனில் வருகிற ஃபோம், இரட்டைச் சிலிண்டர் ஃபோம் கிட், ரொக்வூல் என்கிற பாறைப் பஞ்சு என்று மூன்றையும் என் காசில் வாங்கி, மூன்றையும் போட்டுப் பார்த்தேன். அவசரக்காரருக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன்: ரொக்வூல் திறம். சிலிண்டர் கிட், அளவோடு பாவித்தால் திறம். கேன் இந்த வேலைக்குச் சரிவராது.

ஒழுக்கை முதலில் காட்டித்தந்தது ஸ்னோ. 2023 மாசியில் தொட்டியைச் சுற்றி முழங்காலளவு கிடக்க, வேலிப் பக்கம் மட்டும் ஒரு முழ அகலத்துக்குப் புல் தெரிந்தது. காற்று அடித்துக்கொண்டு போயிருக்கும் என்று நினைத்தேன். பிறகு ஹைட்ரோ பில் வந்தது. (கரண்ட் பில்லுக்கு ஒன்ராறியோவில் ஏன் ஹைட்ரோ பில் என்று பெயர் என்று ஊரிலிருந்து வருகிற ஒவ்வொருவரும் கேட்பார்கள். அந்தக் காலத்தில் கரண்ட் நீர்வீழ்ச்சியிலிருந்து வந்தது, பெயர் ஒட்டிக்கொண்டது.) பிறகு இரண்டு நாளைக்கு ஒருக்கால் இரண்டு வாளி தண்ணீர் விடவேண்டி வந்தது.

வைகாசியில் வேலையைத் தொடங்கினேன். பம்பை நிற்பாட்டிவிட்டு, பன்னிரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை தண்ணீர் நிற்கிற மட்டத்தில் ஒரு துண்டு ரேப் ஒட்டினேன். இறங்கி இறங்கி வந்த தண்ணீர் கீழ் வரிசை ஜெற்றுகளுக்கு (தண்ணீர் பீய்ச்சுகிற வாய்களுக்கு) நேரே வந்து நின்றுவிட்டது. ஓட்டை அந்த மட்டத்தில்தான் என்று அர்த்தம். கேசரிக்குப் போடுகிற சிவப்புக் கலரைக் கரைத்து ஊசியில்லாத சிரிஞ்சில் எடுத்து, கொஞ்சம் தண்ணீர் கூட்டிவிட்டு, ஒவ்வொரு ஜெற்றின் வாயிலும் மெல்ல விட்டேன். எட்டில் கலர் புகைபோலச் சும்மா நின்றது. ஒன்பதாவதில் நூல் மாதிரி நீண்டு உள்ளே இழுபட்டது. கடையில் இதற்கென்று விற்கிற சாயம் இருபது டொலருக்கு மேல். கேசரிக் கலர் இரண்டு டொலர்.

பக்கப் பலகையைக் கழற்றினால், உள்ளே சுவர் மாதிரி ஃபோம். இந்த வகைத் தொட்டிகளில் அக்றிலிக் ஓட்டுக்கும் வெளிப்பலகைக்கும் நடுவில் உள்ள இடம் முழுவதையும் கம்பனியிலேயே ஃபோம் அடித்து நிரப்பிவிடுவார்கள். குளிருக்கு நல்லது, குழாய்களையும் ஆடாமல் பிடித்துக்கொள்ளும். ஒழுகத் தொடங்கினால்தான் கரைச்சல். தண்ணீர் குழாய் ஓரமாக ஊர்ந்துபோய் எங்கோ ஒரு மூலையில் வெளிப்படும். என் ஓட்டை வீட்டுப் பக்கம். ஈரம் வேலிப் பக்கம். நடுவில் ஐந்து அடி ஃபோம்.

மேல்தோல் பிஸ்கட் மாதிரிக் காய்ந்திருந்தது. உள்ளே கை விட்டால் பாலில் ஊறின பாண். ஒரு கட்டியைப் பிடுங்கி இரண்டு கையாலும் பிழிந்தேன். தேங்காய்ப்பூவில் முதல்பால் வருகிற மாதிரித் தண்ணீர் முழங்கை வரைக்கும் வழிந்தது. மணம் மட்டும் பாசி பிடித்த கிணற்று மணம். ஓர் இடத்தில் எலி குடும்பம் நடத்திவிட்டுப் போன கூடு. மூன்று சனி ஞாயிறு தோண்டினேன். பாண் வெட்டும் கத்தி, நீளமான ஸ்க்ரூட்றைவர், கடைசியில் வெறும் கை. பதினான்கு கறுப்புப் பை நிரம்பியது. ஃபோம் என்றால் பாரமில்லாத சாமான் என்று நினைப்போம். அந்தப் பைகளில் இரண்டை ஒரேயடியாகத் தூக்க என்னால் முடியவில்லை.

காயவைத்துப் பார்க்கலாமே என்று கேட்பீர்கள். நானும் ஒரு பக்கத்தை விட்டுவைத்து, இரண்டு கிழமை ஃபான் பிடித்தேன். மேலே காய்ந்தது, இரண்டு அங்குலம் உள்ளே அதே பாண். ஃபோம் சூட்டைப் பிடித்துவைப்பது தனக்குள் அடைபட்டிருக்கிற காற்றால். அந்த இடத்தில் தண்ணீர் ஏறிவிட்டால், சூட்டைக் கடத்துவதில் தண்ணீர் காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு. நான் காசு கட்டிச் சூடாக்கியது வேலியோரத்துப் புல்லைத்தான்.

ஒரு கடையில் ஃபோனில் படத்தைக் காட்டினேன். படத்தைப் பார்த்து முடிக்க முதலே எறிந்துவிட்டுப் புதிதாக வாங்கச் சொல்லி, 12,000 டொலர்ச் சாமானுக்கு விலைச்சீட்டை நீட்டினார். கடையின் பெயர் வேண்டாம்.

கடைசியில் கிடைத்தது ஒரு தமிழ்ப் பெடியன். இங்கே பிறந்தவன், சொந்தமாக வான் வைத்துத் தனியாக இந்த வேலை செய்கிறான். தொலைபேசியிலேயே சொன்னான்: "அங்கிள், தோண்டுறதுக்கு எனக்கு மணித்தியாலக் கணக்கில காசு தராதேங்கோ. நீங்களே தோண்டி வையுங்கோ, நான் வந்து ஒட்டிப்போட்டுப் போறன்." தன் வருமானத்தைத் தானே குறைத்துப் பேசுகிற ஆளை இந்த நாட்டில் நான் அதிகம் சந்தித்ததில்லை. வந்தான், 50 அம்ப் பிறேக்கரை நிற்பாட்டிவிட்டு மீற்றர் வைத்து இரண்டு தரம் பார்த்தான், குழாய் பலதாகப் பிரிகிற இடத்தில் வெடித்திருந்த துண்டை வெட்டி எறிந்தான், ஊதா நிறப் பிரைமர் பூசிப் புதுத் துண்டு ஒட்டினான், ஒன்பதாவது ஜெற்றின் கஸ்கெற்றை, அதாவது ஒழுகாமல் பிடிக்கிற வளையத்தை, மாற்றினான். இரண்டரை மணித்தியாலம், 380 டொலர். அவனுக்கு ஐந்துக்கு ஐந்து.

போகும்போது இரண்டு புத்தி சொன்னான். ஒன்று, தண்ணீர் நிரப்பி ஒரு கிழமை ஓடவிட்டுப் பார்க்காமல் எதையும் மூடக்கூடாது. மற்றது இது: "திரும்ப முழுக்க ஃபோம் நிரப்பாதேங்கோ அங்கிள். உள்ளுக்குப் பதினாலு வருசப் பழைய ஜொயின்ற் கனக்கக் கிடக்கு. அடுத்து எது விடும் எண்டு எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. அண்டைக்கும் நீங்கள்தான் தோண்டோணும்." முதலாவதைக் கேட்டேன். இரண்டாவதை அரைக்காதால் கேட்டேன்.

முதலில் கேன். பெரிய இடைவெளிக்கென்று எழுதியிருக்கிற வகையில் பன்னிரண்டு வாங்கினேன், ஒன்று பதினொரு டொலர். ஃபிரிட்ஜ் கொள்ளக்கூடிய ஒரு குழிக்குள் ஆறு கேனை அடுத்தடுத்து அடித்தேன். வடிவாகப் பொங்கியது, படமெடுத்து மருமகனுக்கு அனுப்பினேன். நாலாம் நாள் ஒரு பார்பிக்யூக் கம்பியால் குத்திப் பார்த்தால் கம்பியோடு மஞ்சள் பாணி இழுபட்டு வருகிறது. கேன் ஃபோம் இறுகுவது காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்து. வெளிப்பக்கம் இறுகினதும் அது உள்ளே ஈரம் போகும் வழியை அடைத்துவிடும், நடுவில் உள்ளது அப்படியே கிடக்கும். மெல்லிய படையாக அடித்து, இறுகவிட்டு, அதன்மேல் அடுத்த படை என்று போகவேண்டும். அப்படிப் போனால் இந்தத் தொட்டிக்கு மாரி வந்துவிடும். அதையெல்லாம் திரும்பத் தோண்டினேன். விரலில் பிடித்த கறை ஒரு கிழமைக்குப் போகவில்லை. கோயிலில் ஐயர் விபூதி தரும்போது என் கையைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. கேனைக் குறை சொல்லவில்லை. அடித்தளத்தில் குழாயும் வயரும் வருகிற ஓட்டைகளை அடைக்க மிச்சத்தில் இரண்டு போதுமாக இருந்தது, அதற்கு அது நன்றாகவே செய்தது.

அடுத்தது இரட்டைச் சிலிண்டர் கிட், 480 டொலர். பெட்டிக்குள் இரண்டு சிலிண்டர், இரண்டு குழாய், ஒரு துப்பாக்கி, பத்து நுனி. சிலிண்டருக்கு ஒரு திரவம். நுனியில் கலந்த கணமே இறுகத் தொடங்கும், காற்றின் ஈரம் தேவையில்லை. மூடிய குமிழி வகை என்பதால் தண்ணீரை இலகுவில் குடிக்காது. அங்குலத்துக்கு ஏறக்குறைய ஆர்-6 (ஆர் என்பது சூட்டை எவ்வளவு தடுக்கும் என்கிற அளவு, எண் கூடினால் திறம்). பெட்டியில் 200 'போர்ட் ஃபீற்' என்று போட்டிருக்கும். ஒரு அங்குலத் தடிப்பில் 200 சதுர அடி என்று கணக்கு. கைப்பழக்கம் இல்லாதவன் அதில் முக்கால்வாசி எடுத்தால் பெரிய காரியம்.

நான் முக்கால்வாசியும் எடுக்கவில்லை. ஐப்பசி முதல் ஞாயிறு, வெளியே 9 பாகை. சிலிண்டர் இரண்டும் மூன்று கிழமையாகக் கராஜுக்குள் கிடந்தவை. அடித்தால் ஒரு பக்கம் கடும் நிறம், ஒரு பக்கம் வெளிறல். அக்றிலிக்கில் ஒட்டாமல் வழுகி வழுகி விழுந்தது. அடுத்த நாள் தொட்டுப் பார்த்தால் ரஸ்க் மாதிரி உதிருகிறது. சிலிண்டர் அறைச் சூட்டுக்கு மேலே இருக்கவேண்டும் என்று பெட்டியிலேயே பெரிய எழுத்தில் கிடக்கிறது. குளிர்ந்தால் இரண்டு திரவமும் சரியளவில் வராது. வாசிக்காதது என் பிழை. கிட்டில் மூன்றில் ஒரு பங்கு அன்றைக்குப் போனது.

மனைவி சொன்னாள், "பாலப்பத்துக்கு மா குளிருக்குள்ள புளிக்குமோ? சட்டியைக் காயவைக்காம ஊத்துவினமோ?" அதுதான் வழி. சிலிண்டரை இரண்டு நாள் பேஸ்மென்டில் ஃபேர்னஸ் அறைக்குள் வைத்தேன். தொட்டிக்குத் தண்ணீர் நிரப்பி 38 பாகைக்குச் சூடாக்கி, மூடி போட்டு இரவு முழுக்க விட்டேன். காலையில் அக்றிலிக்கின் பின்பக்கத்தில் புறங்கையை வைத்துப் பார்த்தால் காய்ச்சல்காரனின் நெற்றி. இப்போது அடித்ததும் கவ்விப் பிடித்தது. அப்பத்தின் ஓரம் போலப் பொங்கி ஏறி, ஒரு நிமிசத்தில் தட்டினால் டொக் டொக் என்றது. ஒழுக்குப் பார்க்க நிரப்பின தண்ணீரே சட்டியைக் காயவைக்கவும் உதவியது என்பதால் ஒரே செலவு.

இந்தக் கிட்டில் மனிதருக்குச் சரிவராத விஷயம் அதன் அவசரம். துப்பாக்கியை அரை நிமிசம் நிற்பாட்டினால் நுனி அடைத்துக்கொள்ளும், புது நுனி கொழுவவேண்டும். யாழ்ப்பாணத்திலிருந்து மைத்துனர் ஃபோன் எடுத்ததில் ஒன்று போனது. மூக்குக்கண்ணாடி புகார் படிந்து மங்கினதில் ஒன்று. பத்தில் ஏழு தீர்ந்தது. ஒரேயடியாக இரண்டு அங்குலத்துக்கு மேல் அடிக்கவும் கூடாது. இறுகும்போது தனக்குள்ளேயே சூடேறும், தடிப்பாக அடித்தால் நடுவில் கருகுகிற அளவுக்கு ஏறும். இன்னொன்று, இதில் ஐசோசயனேற் என்கிற, மூச்சோடு உள்ளே போகக்கூடாத இரசாயனம் இருக்கிறது. கொவிட் காலத்து மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு நிற்காதீர்கள். ஆவிக்கான காற்றிஜ் உள்ள ரப்பர் மாஸ்க், கையுறை, முழு உடுப்பு, பாதுகாப்புக் கண்ணாடி எல்லாம் வேண்டும். நான் மாஸ்க்கைச் சரியாகப் போட்டேன், பாதுகாப்புக் கண்ணாடியை நடுவில் கழற்றினேன். இதை எழுதும்போதும் என் மூக்குக்கண்ணாடியின் இடது பக்கம் கடுகளவில் மூன்று புள்ளி தெரிகிறது. இறுகின பிறகு எந்தத் திரவத்துக்கும் அது அசையாது.

பெடியன் சொன்னது அப்போது முழுதாகக் காதில் ஏறிவிட்டது. ஆகவே சிலிண்டர் ஃபோமை வெறும் ஓட்டின் மேல் மட்டும், ஜெற்றுகளுக்கு நடுவில், இரண்டு அங்குலம் அடித்தேன். குழாய், ஜொயின்ற், வால்வ் ஒன்றிலும் படவிடவில்லை. பழைய ஃபோம் போனதால் தொங்கிக்கொண்டு நின்ற குழாய்களுக்கு மரக்கட்டை வைத்து, பட்டி போட்டுக் கட்டினேன். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பம்ப் அடிக்கிற அதிர்வில் தொங்குகிற குழாய் ஒரு நாள் ஜொயின்றில் விடும்.

மிச்ச இடம் முழுக்க ரொக்வூல். இதைத் தமிழில் என்ன சொல்வது என்று யோசித்துக் கல்நார் என்று எழுத வந்து நிறுத்தினேன். கல்நார் அஸ்பெஸ்ரஸ், அது வேறு, அது கூடாது. இது பாறையையும் உலைக்கசடையும் உருக்கி நூலாக்கின பஞ்சு. இங்கே பழைய ஆட்கள் இன்னும் றொக்சூல் என்றுதான் சொல்வார்கள்; மில்ற்றனில் தொழிற்சாலை, எங்கள் வீட்டிலிருந்து ஒரு மணித்தியால ஓட்டம். ஐந்தரை அங்குலத் தடிப்பில் ஆர்-22 வகை, பை ஏறக்குறைய 65 டொலர், நாலு பை வாங்கினேன்.

வெட்டுவதற்கு அதே பாண் கத்தி. அளவைவிட அரை அங்குலம் கூட வெட்டி, இரண்டு கையாலும் ஒடுக்கி உள்ளே விட்டால் தானே விரிந்து இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. ஆணி, பசை ஒன்றும் வேண்டாம். குழாய் வருகிற இடத்தில் ஒரு கீறல் போட்டு, சட்டைக் கொலர் மாதிரிக் கொழுவிவிடலாம். போடமுதல் ஒரு துண்டைச் சாய்த்து வைத்து ஒரு கோப்பை தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். சேம்பிலையில் ஊற்றினது மாதிரி உருண்டு ஓடியது, துண்டைப் பிளந்தால் உள்ளே தூள் காய்வு. ஆனால் தண்ணீருக்குள் அமுக்கி வைத்தால் இதுவும் குடிக்கும். அதனால் அடிவரிசையை நிலத்தில் வைக்காமல் இரண்டு அங்குலக் கட்டை மேல் வைத்தேன். சிலர் துண்டுகளைக் குப்பைப் பைக்குள் கட்டி வைக்கிறார்கள். பெடியன் வேண்டாம் என்றான். பைக்குள் ஈரம் போனால் திரும்பி வர வழியில்லை, திறந்து கிடந்தால் தானே காயும்.

குறையும் உண்டு. கழுத்திலும் மணிக்கட்டிலும் கடிக்கும், நீளக்கைச் சட்டை போடுங்கள். எலிக்கு இது நல்ல மெத்தை, ஆகவே அடியில் சுற்றிவரக் கம்பிவலை அடித்தேன். பலகைகளின் உட்பக்கத்துக்கு இரண்டு அங்குல ரோஸ் நிற ஃபோம் பலகை வெட்டி ஒட்டினேன், அதற்கு இன்னொரு 160 டொலர். பம்பும் ஹீற்றரும் இருக்கிற அறைக்குள் மட்டும் பஞ்சு ஒன்றும் வைக்கவில்லை. மோட்டருக்குக் காற்று வேண்டும், அமுக்கி மூடினால் அது வெந்துபோகும்.

சரி, பிரயோசனம் என்ன? 2023 பங்குனியில், ஒழுக்கோடு இருந்த காலத்தில், ஒரு இரவு எட்டு மணிக்குப் பிறேக்கரை நிற்பாட்டிக் காலை எட்டு மணிக்குப் பார்த்தேன். வெளியே சைபருக்குக் கீழே 6. தண்ணீர் 40 இலிருந்து 33 க்கு வந்திருந்தது. 2024 தையில், இன்னும் குளிரான இரவு, சைபருக்குக் கீழே 11. அதே பன்னிரண்டு மணித்தியாலம், அதே பழைய மூடி. 40 இலிருந்து 37. என் தொட்டியின் 1,500 லீற்றரை ஒரு பாகை சூடாக்க ஏறக்குறைய 1.74 யூனிட் கரண்ட் வேண்டும். முன்பு ஒரு இரவில் 12 யூனிட் காற்றோடு போனது, இப்போது 5. முன்பு போனதில் ஒரு பங்கு ஒழுகின சுடுதண்ணீரோடு போனது என்பதையும் கணக்கில் எடுங்கள்.

இன்னொரு லாபம் நான் எதிர்பார்க்காதது. இரவு 11 இலிருந்து காலை 7 வரை மலிவாகத் தருகிற கரண்ட் திட்டம் ஒன்றை 2023 இல் ஒன்ராறியோவில் தொடங்கினார்கள். அதில் கிழமை நாட்களில் பின்னேரம் 4 இலிருந்து 9 வரை விலை அறுத்துவிடும். பழைய நிலைமையில் அந்த ஐந்து மணித்தியாலமும் ஹீற்றர் ஓடும். இப்போது இரவில் சூடாக்கி விட்டால் பின்னேரம் நான் வேலையால் வந்து இறங்கும்வரை அது தாங்குகிறது.

மூடியைப் பிறகு மாற்றினேன். அதுவும் தண்ணீர் குடித்து, தூக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. உங்கள் மூடி அப்படிப் பாரமென்றால் பக்கத்தைத் தோண்டமுதல் மூடியை மாற்றுங்கள்; சூடு கூடுதலாகப் போவது மேலாலேதான்.

எல்லாமாக, வீணாக்கினது உட்பட, 1,500 டொலருக்குக் கிட்ட முடிந்தது. தொட்டி வாங்கின அதே காசு. மனைவி இந்தக் கணக்கை எனக்கு இரண்டு தரம் நினைவுபடுத்திவிட்டாள்.

2024 மாசியில் ஒரு சனிக்கிழமை காலை, வேலிப் பக்கத்து ஸ்னோவில் உள்ளங்கையளவு ஓட்டை. நெஞ்சு திக்கென்றது. பலகையில் நாலு ஸ்க்ரூ, ரோஸ் பலகை ஒன்று, ரொக்வூல் இரண்டு துண்டு, அவ்வளவையும் இழுத்து ஸ்னோவின் மேல் சாய்த்து வைத்தேன். உள்ளே டோர்ச் அடித்தால் வால்வுக்குப் பக்கத்து யூனியனில் (கையால் திருகிப் பூட்டுகிற குழாய் இணைப்பில்) ஒரு சொட்டு, விழமாட்டாமல் தொங்குகிறது. கையால் கால்வாசித் திருப்பு. துடைத்துவிட்டுப் பார்த்தேன், திரும்ப வரவில்லை. பஞ்சில் ஒட்டின ஸ்னோவைத் தட்டி, அந்தந்த இடத்தில் அமுக்கி, பலகையைப் பூட்டிவிட்டு உள்ளே வந்தேன். குசினி மேசையில் வைத்துவிட்டுப் போன தேத்தண்ணி ஆறியிருக்கவில்லை.